கைப்பேசி ழகரத்தை விழுங்குமா?

கைப்பேசியில் நாம் பேசுகிறோம். மறுமுனையில் உள்ளவர் கேட்கிறார். நாள்தோறும் நிகழும் செயலாதலின் இதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆயினும் ஒரு வினா உண்டு. மறுமுனையில் கேட்பது நம் குரல்தானா? அன்று என்பதே அதற்கு விடை. நம் குரல் நம் கைப்பேசியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து புறப்பட்டுச் செல்வது குரலைப் பற்றிய ஒரு குறிப்பே ஆகும். அக்குறிப்பைப் படித்து, மறுமுனைக் கைப்பேசி புதிதாக ஒரு குரலை ஆக்கித் தருகிறது. அக்குறிப்பு எவ்வாறு எழுதப்படுகிறது, தமிழ் ஒலிகள் அதில் எந்த அளவிற்குப் பழுதின்றிச் செல்கின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர் இதனை ஏன் அறிய வேண்டும் என்பதற்கு என் பட்டறிவு ஒன்றையே முதற்கண் கூறுகின்றேன்.

வினா பிறந்த வகை

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் நம் நாட்டில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள என் வீட்டிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியாகவே பாடம் சொல்ல வேண்டியதாயிற்று. முகம் பார்த்துப் பேசும் வசதி எல்லா வீடுகளிலும் இல்லை; சில பிள்ளைகளுக்கு வெறும் அழைப்பு மட்டுமே கிட்டியது. அவர்களுக்குச் சொல்வதெழுதுதலும் அவ்வழியாகவே நடத்தினேன்.

பள்ளி திறந்தபின் ஏடுகள் என் கைக்கு வந்தன. ‘கிழிந்த சட்டை’ என்று நான் சொன்னதைச் சிலர் ‘கிளிந்த சட்டை’ என எழுதியிருந்தனர். வாழைப்பழம் ‘வாளைப்பளம்’ ஆகியிருந்தது. “பிள்ளைகள்மீது குற்றமில்லை, கைப்பேசி ழகரத்தை விழுங்கிவிட்டது” என்று பெற்றோரிடம் கூறினேன். அப்பொழுது அருகில் நின்ற சிறுமி ஒருத்தி, “ஐயா, நீங்க சொன்னதத்தான் எழுதினேன்” என்றாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அச்சொல் என்னை விடவில்லை. கைப்பேசிக்குள் ஒலி என்னாகிறது என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

காற்று மின்னாதல்

கைப்பேசியின் அடிப்புறத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கக் காணலாம். அதன் பின்னே உள்ளது ஒலிவாங்கி. சில மில்லிமீட்டர் அளவே உள்ள அச்சிறு பெட்டிக்குள் சிலிக்கானாலாகிய மெல்லிய சவ்வு ஒன்று மத்தளத் தோலைப் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு எதிரே துளைகள் இட்ட தகடு ஒன்றுண்டு. நாம் பேசுங்கால் காற்றின் அழுத்தம் கூடியும் குறைந்தும் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. காற்றின் அலை இவ்வாறு மின்னலை ஆகிறது.

இத்தகைய சிலிக்கான் சில்லுகள் நம் ஊருக்குப் புதியனவல்ல. பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவே தடையற்ற வாணிக வட்டாரத்தில் 1970-ஆம் ஆண்டுகள் தொட்டே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த நம் பெண்மக்களிலும் சிலர் அத்தகைய ஆலைகளில் பணிபுரிந்துள்ளனர். தலைமயிரினும் மெல்லிய கம்பிகளை நுண்ணோக்கியின் துணையால் சில்லுகளில் இணைத்த தலைமுறை அது.

அலையை எண்ணாக்குதல்

மின்னலையைக் கைப்பேசி அப்படியே அனுப்புவதில்லை. அதனை எண்களாக மாற்றுகிறது. நோயாளியின் உடல்வெப்பத்தை மணிக்கொருமுறை அளந்து குறித்துக்கொள்வது போல, அலையின் உயரத்தைக் குறித்த இடைவெளியில் அளந்து எழுதிக்கொள்கிறது. பழைய தொலைபேசி முறையில் விநாடிக்கு 8000 முறை இவ்வளவு எடுக்கப்படும். ஓர் அலையைத் தெரிந்துகொள்ள அதன் ஒவ்வோர் அதிர்விலும் இரண்டு அளவுகளேனும் வேண்டும். ஆகவே 8000 அளவுகளைக்கொண்டு விநாடிக்கு 4000 அதிர்வு வரை உள்ள ஒலிகளையே பிடிக்க முடியும். நடைமுறையில் 300 முதல் 3400 அதிர்வு வரையுள்ள பகுதியே அனுப்பப்பட்டு வந்தது.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. ஆடவர் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை அதிர்வன. அப்படியாயின், தொலைபேசி கடத்தும் எல்லைக்குள் அவ்வடிப்படை அதிர்வு வருவதே இல்லை. ஆயினும் ஆடவர் குரலை ஆடவர் குரலாகவே கேட்கிறோம். அவ்வதிர்வின் மடங்குகளாகிய 300, 400, 500 முதலியன வந்துசேர்கின்றன. அவற்றின் இடைவெளியைக்கொண்டு, வாராத அடிப்படையை நம் செவியும் மூளையும் தாமே கண்டுகொள்கின்றன. கேட்டல் என்பது செவியின் தொழில் மட்டுமன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இரைச்சலைக் களைதல்

எண்களானவுடன் குரல் தூய்மைப்படுத்தப்படுகிறது. கைப்பேசியில் பெரும்பாலும் ஒலிவாங்கிகள் இரண்டோ அதற்கு மேலோ உண்டு. ஒன்று வாய்க்கு அருகில் இருப்பது. மற்றொன்று மேற்புறத்திலோ பின்புறத்திலோ இருப்பது. வாயொலி முன்னதில் மிகுதியாகவும் பின்னதில் குறைவாகவும் விழும். தெருவின் இரைச்சலோ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவாக விழும். இவ்வேறுபாட்டைக்கொண்டு எது பேச்சு, எது இரைச்சல் என்று கருவி முடிவு செய்கிறது. மேலும், மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது இரைச்சல், ஏறியிறங்கி மாறுவது பேச்சு என்பதும் அதன் கணக்கு.

இக்கணக்கு சில இடங்களில் தவறும். தேவாரம் சொல்லித்தருவார் சுருதிப்பெட்டியை மீட்டிக்கொண்டு பாடினால், சுருதி சிறிது நேரத்தில் தேய்ந்து மறைவதைக் கேட்கலாம். காற்றாடியின் ஒலியையும் சுருதியின் ஒலியையும் கருவி ஒன்றாகவே எண்ணுகிறது. இசை கற்பிப்போர் இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவைக்கும் வசதி தம் செயலியில் இருப்பின் அதைப் பயன்படுத்துதல் நன்று.

வாயின் வடிவை எழுதுதல்

இனி, கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். விநாடிக்கு 8000 அளவுகள். ஒவ்வோர் அளவையும் எழுத 13 குறிகள். குறி என்பது 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றாகும். ஆக, ஒரு விநாடிப் பேச்சுக்கு 1,04,000 குறிகள் வேண்டும். வானலையில் இடம் குறைவு. பேசுவோரோ மிகப் பலர். ஆகவே சுருக்கியே ஆதல் வேண்டும். 1999-இல் வரையறுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய முறையொன்றில் இதனை விநாடிக்கு 12,200 குறிகளாகச் சுருக்கினர். ஏறத்தாழ எட்டரையில் ஒரு பங்கு! இஃது எங்ஙனம் இயலும்?

பேச்சு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தமையால் இயன்றது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் இதனைத் தெளிவாகக் கூறியுள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வேறுவேறு எழுத்தொலிகளாகப் பிறக்கிறது என்பது அவர் கருத்து. காற்று ஒன்று, அதற்கு வடிவு தருவன உறுப்புகள்.

இருபதாம் நூற்றாண்டின் ஒலியியலாரும் இப்பகுப்பையே அடிப்படையாகக் கொண்டனர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி என்பார், குரல்நாணின் ஒலி வேறு, அதற்கு வாய் தரும் வடிவு வேறு எனப் பிரித்து, இவ்விரண்டையும் பற்றிய குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும் எனக் கண்டார். அவர் அமைத்த பேசும் பொறி 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டப்பெற்றது. சுவீடன் நாட்டறிஞர் குன்னார் ஃபாண்ட் 1960-இல் இக்கொள்கையைக் கணிதமுறையில் நூலாக்கினார். தொல்காப்பியர் கைப்பேசியை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய வீண் பெருமை நமக்கு வேண்டா. பேச்சைக் கூர்ந்து நோக்கிய எவரும் வந்தடையும் பகுப்பு இது என்பதும், அதனை நம் இலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே நூற்பாவாக்கியது என்பதுமே நான் சொல்ல வந்தவை.

இக்கொள்கையைக் கைப்பேசிக்கு ஏற்ற கணக்காக்கியவர்களுள் முதன்மையானவர் பிஷ்ணு அடல். 1933-இல் கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பயின்று, 1961-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் அவர். ஏறத்தாழ அதே காலத்தில் சப்பானில் ஃபுமிடாடா இட்டாகுரா என்பாரும் தனியே இவ்வழியில் ஆராய்ந்தார். அவர்கள் கண்ட உண்மை எளியது. நாவும் இதழும் தசைகளே. நொடிப்பொழுதில் அவை இடம் பெயர முடியாது. ஆதலால், மிகக் குறுகிய நேரத்திற்கு வாயின் வடிவு மாறாதது என்றே கொள்ளலாம். வடிவு மாறாதிருக்கும்பொழுது, முன்வந்த சில அளவுகளைக்கொண்டு அடுத்த அளவு இன்னதாக இருக்கும் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். மேற்கூறிய முறை, முந்திய பத்து அளவுகளைக்கொண்டு பதினோராவதை ஊகிக்கிறது. அவ்வூகத்திற்கு வேண்டிய பத்து எண்களே அந்நேரத்து வாயின் வடிவைக் குறிக்கும் குறிப்பாகும்.

அக்குறுகிய நேரம் எவ்வளவு? விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அஃதாவது 20 மில்லிவிநாடி. நம் இலக்கணத்தார் மாத்திரையைக் கண்ணிமைத்தலாலும் கைந்நொடித்தலாலும் அளந்தனர். கண்ணிமைக்கும் நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டாலும், ஒரு மாத்திரைக்குள் ஐந்து துண்டுகள் அடங்கும். அரை மாத்திரை பெறும் மெய்யெழுத்துக்கு இரண்டரைத் துண்டுகளே கிடைக்கும். இதை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டும்.

எண்ணால் அழைத்தல்

வாயின் வடிவைக் குறித்தாயிற்று. வாய்க்குள் புகும் ஒலியை, அஃதாவது குரல்நாணின் அதிர்வையும் காற்றின் உரசலையும் குறிப்பது எவ்வாறு? அடலும் மான்ஃபிரட் ஷ்ரோடரும் 1985-இல் இதற்கு ஒரு வழி கூறினர். தமிழாசிரியர் இருவர் பேசிக்கொள்ளும்பொழுது, “குறள் 391-ஐப் பாருங்கள்” என்று ஒருவர் கூறினால் மற்றவர்க்கு விளங்கிவிடும். முழுக் குறளையும் ஓத வேண்டுவதில்லை. ஏனெனில் இருவர் கையிலும் ஒரே நூல் உள்ளது. அதுபோலவே, ஒலித்துணுக்குகளின் பட்டியல் ஒன்று கைப்பேசிகள் இரண்டிலும் உள்ளது. பேசுவார் கைப்பேசி அப்பட்டியலில் உள்ளவற்றை வாயின் வடிவோடு சேர்த்து ஒலிகளாக்கிப் பார்க்கிறது. உண்மைக் குரலுக்கு மிக நெருங்கியது எது என்று தேர்கிறது. அதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்புகிறது. 1985-இல் அந்நாளைய மாபெரும் கணினியாகிய கிரே என்பதற்கே ஒரு விநாடிப் பேச்சை இவ்வாறு ஆராய நூறு விநாடிக்கு மேல் ஆயிற்று. இன்று நம் சட்டைப்பையில் உள்ள சில்லு அதனைப் பேசும்பொழுதே செய்துமுடிக்கிறது.

1999-ஆம் ஆண்டு முறையின் கணக்கைப் பார்ப்போம். 20 மில்லிவிநாடித் துண்டு ஒன்றுக்கு 244 குறிகள். அவற்றுள் வாயின் வடிவுக்கு 38. குரல்நாண் அதிர்வின் இடைவெளிக்கு 30. ஒலியின் வலிமைக்கு 36. எஞ்சிய 140-உம் பட்டியல் எண்களுக்கு. ஒருவர் பேச்சின் ஐம்பதில் ஒரு விநாடி இவ்வளவே! இவ்வமைப்பு முழுதும் ஒரு வாய், ஒரு மிடறு என்னும் எண்ணத்தில் எழுந்தது. அதனாலேதான் நாதசுரமும் தவிலும் சேர்ந்து முழங்குவதை அழைப்பில் கேட்டால் சிதைந்து கேட்கிறது. அவ்வொலிக்கு ஏற்ற வாய் எந்த மனிதனுக்கும் இல்லை.

மறுமுனையில்

குறிகள் வானலையில் சென்று கோபுரத்தை அடைந்து, கம்பி வழியும் வலையமைப்பு வழியும் பயணம் செய்து, மறுமுனைக் கைப்பேசியை அடைகின்றன. அது பட்டியலைப் புரட்டி உரிய துணுக்கை எடுக்கிறது, வாய் வடிவின் வழியே செலுத்துகிறது, குரல் பிறக்கிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்துவிட்டால், முன்துண்டையே மீண்டும் ஒலித்துச் சிறிது சிறிதாகத் தணித்து இடைவெளியை மறைக்கிறது. பேசுவார் பேச்சை நிறுத்தியிருக்கும் நேரத்திலும், மெல்லிய இரைச்சலைத் தானே ஆக்கி ஒலிக்கிறது. அஃது இல்லையேல் அழைப்பு அறுந்ததோ என நாம் ஐயுறுவோம். கைப்பேசியில் கேட்கும் அமைதியும் செய்துவைத்ததே!

விழுங்கப்படுவன எவை?

இப்பொழுது தலைப்பிலுள்ள வினாவுக்கு விடை கூறலாம். கைப்பேசி சில ஒலிகளை விழுங்குவது உண்மை. முதலாவதாக, ஸ், ஃப் போன்ற உரசொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 3400 அதிர்வுக்கு மேலே உள்ளது. ஆகவே பழைய குறுகிய முறையில் பெயரின் தலைப்பெழுத்தைச் சொன்னால் ‘எஸ்’ என்பது ‘எஃப்’ என்று கேட்கும். 2001-இல் வரையறுக்கப்பட்ட அகன்ற முறையில் விநாடிக்கு 16,000 அளவுகள் எடுக்கப்பட்டு, 50 முதல் 7000 அதிர்வு வரை அனுப்பப்படுகிறது. நான்காம் தலைமுறை வலையமைப்பின் அழைப்புகள் தெளிவாய் இருப்பதற்கு இஃதொரு காரணம். மலேசியாவில் 2021-ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறை வலையமைப்பு படிப்படியாக மூடப்பட்டபின், அழைப்புகள் பெரிதும் அதற்கு மாறின.

இரண்டாவதாக, ந, ன, ண, ம முதலிய மெல்லினங்களை வேறுபடுத்தும் குறிப்பு, மெய்யிலிருந்து உயிருக்குச் செல்லும் குறுகிய நேரத்திலேயே மிகுதியும் உள்ளது. இரண்டரைத் துண்டுகளில் ஒன்றிரண்டு தொலைந்தால் அவ்வேறுபாடு போய்விடும். கோபுரம் தொலைவிலுள்ள தோட்டத்து வீடுகளில் இது நேர்வதுண்டு.

ழகரத்தின் நிலையோ வேறு. நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்பது தொல்காப்பியம். நாவின் விளிம்பு தடித்து அண்ணத்தை வருடப் பிறப்பது ளகரம். ஷிரிகாந்த் நாராயணன், டேனி பேர்டு, அபிகெயில் கவுன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ் ர, ற, ல, ள, ழ ஒலிகளுக்கு நா கொள்ளும் வடிவங்களைக் காந்தப் படக்கருவியால் ஆராய்ந்தனர். ழகரத்தின் சிறப்பு அடையாளம் வாயின் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்தல் ஆகும். ஆடவர் உயிரொலிகளில் விநாடிக்கு ஏறத்தாழ 2500 அதிர்வில் நிற்கும் அது, ழகரத்தில் நன்கு இறங்கி இரண்டாம் ஒத்ததிர்வை நெருங்குகிறது. இறங்கும் அடையாளம் எதுவும் 3400 என்னும் எல்லைக்கு வெளியே போகாதன்றோ? எனவே, பழைய குறுகிய முறையும் ழகரத்தைக் கடத்தவல்லது. மேலும், கைப்பேசி முதன்மையாக எழுதி அனுப்புவது வாயின் வடிவையே. ழகரமோ வாயின் வடிவாலேயே வேறுபடும் ஒலி.

இதனை அறிந்தபின் ஒரு சோதனை செய்தேன். தோட்டத்திலுள்ள ஆசிரிய நண்பரை அழைத்து, கிலி, கிளி, கிழி என்னும் சொற்களை முறைமாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் செய்தேன். பெரும்பாலும் சரியாகவே எழுதினார். பின்பு வகுப்பில் நான் பாடம் நடத்துவதை என் கைப்பேசியிலேயே பதிந்து, வீட்டில் அமர்ந்து கேட்டேன். தனிச்சொல்லாகச் சொல்லுங்கால் ழகரம் ழகரமாகவே இருந்தது. வாக்கியம் விரையத் தொடங்கியதும் என் வாழைப்பழம் வாளைப்பளமாகவே இருந்தது. முப்பது ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் நான் கேட்டறியாத என் நாவைக் கருவி எனக்குக் காட்டியது. அச்சிறுமி எழுதியது பிழையன்று. என் பேச்சின் படி.

ஆசிரியர்க்குச் சில

இதனால் நான் கைக்கொண்டவை மூன்று. திங்களுக்கு ஒருமுறையேனும் என் பாடத்தைப் பதிந்து கேட்கிறேன். அழைப்பின் வழியே சொல்வதெழுதுதல் நடத்துங்கால், மெல்லினம் வரும் சொற்களை இருமுறை, மாத்திரை கெடாமல் நிறுத்திச் சொல்கிறேன். துண்டு தொலைவதற்கு அதுவே மருந்து. ழகரத்தைக் கற்பிக்கும்பொழுது மட்டும் கைப்பேசியை நம்புவதில்லை. நாவின் நிலை கண்ணால் காணத்தக்கது. பிள்ளை என் வாயையும், கண்ணாடியில் தன் வாயையும் பார்த்தே அதனைப் பழக வேண்டும்.

அச்சிறுமியின் ஏட்டில் நான் சிவப்பு மையால் இட்ட கோடுகளை அழிக்க முடியவில்லை. அவற்றின் பக்கத்தில் ‘ஆசிரியர் பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.